சிவப்பு, ஊதா, ஆரஞ்சு: ஒரே பந்தி

எங்கள் மொரிசியஸ் தீவின் 2010 தேர்தலில் என் பெரியப்பா லேபர் கட்சிக்குச் சிவப்புத் துணி கட்டினார். எதிர்வீட்டு மாமா எம்.எம்.எம். கட்சி ஆள்; அவர் வாசலில் ஊதா, எங்கள் கிரியோல் மொழியில் 'மோவ்'. ஒலிபெருக்கிச் சண்டை வாய்ச்சண்டையாகி, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. 2014இல் அந்த இரு கட்சிகளும் கூட்டணி வைத்தன. பெரியப்பாவும் மாமாவும் ஒரே ஏணியைப் பிடித்துக்கொண்டு, சிவப்பையும் ஊதாவையும் ஒரே கம்பத்தில் கட்டினார்கள். நான்கு வருடப் பகைக்குக் காரணம் என்று இருவரும் சொன்ன கொள்கைகள் எந்தக் கடலில் கரைந்தன?

பகைக்குக் கொள்கை அவ்வளவாகத் தேவையே இல்லை என்கிறது சமூக உளவியல். 1970இல் ஹென்றி தாஜ்ஃபெல் தன் சோதனைகளை வெளியிட்டார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களுக்கு ஓவியங்களைக் காட்டி, "நீ கிளேயின் ஓவியத்தை ரசித்தவன், நீ கண்டின்ஸ்கியின் ஓவியத்தை ரசித்தவன்" என்று பிரித்தார்கள். உண்மையில் யார் எந்தப் பக்கம் என்பது குருட்டாம்போக்கில் முடிவானது. பிறகு, தன் அணியில் ஒருவனுக்கும் மற்ற அணியில் ஒருவனுக்கும் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார்கள். புள்ளிக்குக் காசு உண்டு. ஒரு பட்டியலின் ஒரு முனையில் நம்மவனுக்கு 19, அவனுக்கு 25. மறுமுனையில் நம்மவனுக்கு 7, அவனுக்கு 1. நம்மவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது முதல் முனையில்தான். பையன்களோ இடைவெளி பெரிதாகும் பக்கம் சாய்ந்தார்கள். நமக்கு எவ்வளவு என்பதைவிட, அவனைவிட எவ்வளவு என்பது பெரிதாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு 1998 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு வந்த புதிய மொரிசியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தி ஏறியது, நம்மவர்கள் கொதித்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வரிசை மாறியதால் நோட்டின் மதிப்பில் ஒரு சதம்கூடக் குறையவில்லைதான். (நானும் கொதித்தவன். இன்றைக்கும் அது நியாயம் என்றே நினைக்கிறேன். தாஜ்ஃபெலின் பையன்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.)

அணி என்று ஒன்று அமைந்துவிட்டால், கருத்து அதன் பின்னால் ஓடிவரும். உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களிடம் சமூக உதவித் திட்டங்கள் காட்டப்பட்டன. திட்டம் தாராளமா, கஞ்சத்தனமா என்பதைப் பார்ப்பதற்குப் பதிலாக, தங்கள் கட்சி ஆதரித்தது எதுவோ அதையே சரி என்றார்கள். கேட்டால், கட்சிக்காகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னோம் என்றார்கள். பெரியப்பாவும் அதையேதான் சொல்வார்.

எங்கள் தீவில் இந்த நோய் முற்றாமல் இருப்பதற்கு வாக்குச்சீட்டும் ஒரு காரணம் என்பேன். மொரிசியஸில் ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். ஆளுக்கு மூன்று வாக்கு. மூன்றையும் ஒரே அணிக்குக் கொடுங்கள் என்று கட்சிகள் கெஞ்சும். பலர் கேட்பதில்லை, பிரித்துப் போடுகிறார்கள். அதற்குக் 'கூப்பே திரான்ஷே' என்று பெயர். தலைவர்களே அணி மாறி மாறிச் சேரும்போது, நிரந்தர எதிரி என்று யாரையும் வைத்துக்கொள்வது சிரமம்.

சரி, எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தால் பகை தணியுமா? 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ஒரு சிறுவர் முகாமில், உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் அதைச் செய்து பார்த்தார். மோதிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர் கூட்டங்களைச் சேர்ந்து சாப்பிடவிட்டார். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள்! தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்தால்தான் தண்ணீர் என்று ஆனதும், நின்றுபோன லாரியைக் கூடி இழுக்க வேண்டிவந்ததும்தான் பகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தன.

2024 நவம்பரில் லேபரும் எம்.எம்.எம்.மும் மறுபடியும் சேர்ந்து, தீவின் 60 இடங்களில் 60ஐயும் வென்றன. அடுத்த தைப்பூசக் காவடிக்குக் கோவிலில் ஏழு கறிச் சாப்பாடு. முந்தின இரவே பூசணி நறுக்க மாமா, அடுப்புக்குப் பெரியப்பா, பாத்திரம் தூக்க என் அத்தை மகன். அவன் ஆரஞ்சு நிற எம்.எஸ்.எம். கட்சி; தோற்ற அணி. மறுநாள் பந்தியில் அவன் எனக்குப் பக்கத்து இலை. பாயச வாளியோடு பெரியப்பா வந்தார். தாஜ்ஃபெலைப் படித்த கெட்ட பழக்கத்தில் கரண்டிகளை எண்ணினேன். அவனுக்கு இரண்டு. எனக்கு ஒன்று.