தீவன மூட்டைக்குள் இருக்கும் மீன்கள்

குட்டைகளில் வளர்க்கப்படும் வனாமி என்ற இறால் வகையின் பண்ணைகளுக்கு ஆலோசனை கூறும் பணியில், பண்ணையாளர்கள் என்னிடம் பெரும்பாலும் நோயைப் பற்றிக் கேட்கிறார்கள். வெளியில் இருப்பவர்கள் கழிவுநீரையும் உவர்ப்பாகும் நிலத்தையும் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் நிலைத்த உணவு உற்பத்தியை ஆராய்பவர்கள் கால் நூற்றாண்டாக விடாமல் எழுப்பிவரும் கேள்வி, ஒரு கிலோ இறாலை வளர்க்கக் கடலிலிருந்து எவ்வளவு மீனை எடுக்கிறோம் என்பது.

2000ஆம் ஆண்டில் ரோசமண்ட் நெய்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' அறிவியல் இதழில் இதை வலுவாக முன்வைத்தார்கள். 2022இல் உலக நீர்வாழ் விலங்கு உற்பத்தியில் வளர்ப்பு 9.44 கோடி டன்னாகவும் பிடிப்பு 9.1 கோடி டன்னாகவும் இருந்ததாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வளர்ப்பு முதன்முறையாக முந்திவிட்ட நிலையில், அந்தக் கேள்வியின் கனம் கூடியிருக்கிறது.

இறால் தீவனத்தில் புரதத்துக்காக மீன்தூள், அதாவது மீனை உலர்த்தி அரைத்த மாவு, சேர்க்கப்படுகிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு ஏறத்தாழ நான்கரை கிலோ பச்சை மீன் தேவைப்படுகிறது. உலகச் சந்தைக்கு வரும் மீன்தூளில் கணிசமான பங்கு பெரு நாட்டு நெத்திலியிலிருந்து கிடைக்கிறது. 2023இல் எல் நினோ என்ற கடல் வெப்பமாதலால் அங்கு வட-மத்தியக் கடலின் முதல் பருவ மீன்பிடிப்பே கைவிடப்பட்டது. நம் கரையிலும் இழுவலையில் சிக்கும், ராமநாதபுரம் பக்கத்தில் சங்காயம் என்று சொல்லப்படும், சிறு மீன்களில் கணிசமானவை மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. அவற்றில் வளர்ந்தால் நல்ல விலை பெறக்கூடிய இனங்களின் குஞ்சுகளும் உண்டு.

ஆகவே ஆய்வாளர்கள் மாற்றுப் புரதம் தேடுகிறார்கள். சோயாப் பிண்ணாக்கு மலிவானது, ஆனால் அதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு; அதிலுள்ள ஃபைடேட் என்ற வேதிப்பொருள் பாஸ்பரஸைப் பிணைத்து இறாலுக்குக் கிடைக்காமல் செய்கிறது. பூச்சிப்புழு மாவு, மீன் பதப்படுத்தும் கழிவு ஆகியவற்றிலும் ஆய்வுகள் நடக்கின்றன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டு மூலப்பொருள்களைக் கொண்டு 'வனாமி பிளஸ்' தீவனத்தையும், சந்தை மீன்கழிவிலிருந்து 'பிளாங்க்டன் பிளஸ்' என்ற பொருளையும் உருவாக்கியிருக்கிறது. இருந்தும், மூட்டையைப் பிரித்தவுடன் மீன் வாடை தூக்கலாக அடித்தால்தான் நல்ல தீவனம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். வாடை இறாலை ஈர்க்கும் என்பது உண்மைதான். அதிலிருந்து மீன்தூளின் அளவையோ செரிமானத் தரத்தையோ கணித்துவிட முடியாது.

ஆய்வகம் மிச்சப்படுத்தியதைக் குட்டைக் கரையில் இழந்துவிடுகிறோம் என்பதே என் கவலை. ஒரு டன் இறாலுக்கு 1.3 டன் தீவனம் போதுமான குட்டையில் 1.7 டன் போட்டால், 400 கிலோ அதிகம். அந்தத் தீவனத்தில் மீன்தூள் 15 விழுக்காடு என்று கொண்டால் அது 60 கிலோ மீன்தூள், அதாவது சுமார் 270 கிலோ கடல்மீன். உண்ணப்படாத தீவனம் அடியில் அழுகி அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் மாறி, விடியற்காலையில் பிராணவாயுவைக் குறைத்து, நோய்க்கும் வழி திறக்கிறது. பண்ணையாளர் கேட்கும் கேள்வியும் ஆய்வாளர் கேட்கும் கேள்வியும் இங்கேதான் ஒன்றாகின்றன.

இறால் தின்னும் அளவைப் பார்க்கக் குட்டைக்குள் இறக்கும் தட்டான செக் ட்ரேயில் வைத்த தீவனத்தை ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் அடுத்த வேளையில் குறையுங்கள். இறால் சட்டை கழற்றும் (மேலோட்டை உரிக்கும்) நாள்களிலும் மேகமூட்டமான நாள்களிலும் அட்டவணையைப் பார்த்துத் தீவனம் போடாதீர்கள். அட்டவணை சராசரிக்கு எழுதப்பட்டது. வாரந்தோறும் மாதிரி எடுத்து எடை பார்த்து, அதுவரை போட்ட தீவனத்தோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். தீவனம் வாங்கும்போது கடன் தவணையோடு சேர்த்து, மீன்தூளின் அளவையும் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் முகவரிடம் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லும்படி வற்புறுத்துங்கள்.