சேவ் செய்ததும் பழைய கிளாஸ் எங்கே போகிறது?

“ஐடிஇ-யில் ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வரியை மாற்றி சேவ் செய்தால் கொஞ்ச நேரத்தில் ப்ரவுசரில் புது விடை வந்துவிடுகிறது. நான் எதையும் நிறுத்தவே இல்லையே, எப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. (ஐடிஇ என்பது கோட் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்; ஸ்பிரிங் பூட் என்பது ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் கட்டமைப்பு.)

ரன் பட்டனை அழுத்தினால் கோட் கம்பைல் ஆகும், ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம் ஒன்று கிளம்பும், அதற்குள் டாம்கேட் என்ற வெப் சர்வர் எழுந்து, ப்ரவுசரின் கோரிக்கைக்காக 8080 போர்ட்டில் காத்திருக்கும். சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

இனிமேல்தான் அழகு. ஜாவா கோட் கிளாஸ் என்ற அலகுகளாகத்தான் எழுதப்படுகிறது. ஜேவிஎம்மில் ஏறிவிட்ட ஒரு கிளாஸைத் தனியாக இறக்க எந்தக் கட்டளையும் கிடையாது. அதை நினைவகத்தில் ஏற்றிய கிளாஸ்லோடர் யாருக்கும் தேவைப்படாத குப்பை (கார்பேஜ்) ஆனால்தான் கிளாஸும் போகும். லோடர் என்பதும் ஒரு ஜாவா ஆப்ஜெக்ட்தான். ஒரு கிளாஸுக்குப் பெயர் மட்டும் அடையாளம் ஆகாது. பெயரோடு லோடரும் சேர வேண்டும். தெருவில் நாலு முருகன் இருந்தால் இனிஷியலை வைத்துப் பிரிப்போமே, அப்படி. அதனால் ‘பில்’ என்று இரண்டு கிளாஸ் ஒரே ஜேவிஎம்மில் இருக்கலாம். ஒன்றின் ஆப்ஜெக்டை மற்றதாகக் கருதச் சொன்னால் (காஸ்ட் செய்தால்), பில்லை பில்லாக மாற்ற முடியாது என்று எக்ஸெப்ஷன், அதாவது பிழை, வரும்!

ஸ்பிரிங் பூட்டின் டெவ்டூல்ஸ் என்ற துணைக்கருவி இதைத்தான் பயன்படுத்துகிறது. மாறாத ஜார்கள் (பிறர் எழுதிய கிளாஸ்களின் தொகுப்பு ஃபைல்கள்) ஒரு லோடரில், நீங்கள் எழுதும் கிளாஸ்கள் இன்னொன்றில். கம்பைல் ஆன ஃபைல் மாறியதும் இரண்டாவது லோடரை அப்படியே கைவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கி அப்ளிகேஷனை மறுபடி எழுப்புகிறது. டாம்கேட்கூட உள்ளே ஒருமுறை நின்று எழுகிறது. நிற்காதது ஜேவிஎம் மட்டுமே. ஜார்களை மறுபடி ஏற்ற வேண்டாம் என்பதால்தான் இந்த வேகம்.

இது பத்திரமாக நடக்கப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. ஒரே பெயருக்கு இரண்டு லோடர்கள் வேறு வேறு கிளாஸ் கொடுத்தால் ஒரு வகை ஆப்ஜெக்டை வேறு வகையாகக் கையாள விடாத ஜாவாவின் டைப் பாதுகாப்பையே உடைக்கலாம் என்று ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் விஜய் சரஸ்வத் 1997-ல் காட்டினார். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் ஷெங் லியாங்கும் கிலாட் பிராச்சாவும் அதற்கான தீர்வை 1998-ல் வெளியிட்டார்கள்: லோடர்கள் தங்களுக்குள் பகிரும் பெயருக்கு ஒரே கிளாஸ்தான் இருக்கிறதா என்று ஜேவிஎம்மே சரிபார்க்கும். உடனடிப் பயன் என்ன என்று கேட்டு இத்தகைய ஆய்வுக்குப் பணம் மறுப்பவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கைவிட்ட லோடரை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் அது போகாது. பின்னணியில் தனியாக ஓடும் வேலையான த்ரெட்டில், நிறுத்த மறந்த ஒன்றே ஒன்று போதும், பழைய அப்ளிகேஷனின் கிளாஸ்கள் அத்தனையும் நினைவகத்தில் தங்கிவிடும். 2014-ல் ஜாவா 8 வரும்வரை இது, கிளாஸ்களுக்கான வரம்புள்ள நினைவகப் பகுதியான பெர்ம்ஜென் நிரம்பிய பிழையாக வெடித்தது. இப்போது அதன் இடத்துக்கு வந்த மெட்டாஸ்பேஸ் மெல்ல மெல்ல வீங்குகிறது. “கிளீன் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு” என்று காரணம் தெரியாமலே மந்திரம் போல ஓதுவது இதனால்தான். மாணவர்களுக்கு அந்த மந்திரத்தைக் கற்றுக்கொடுக்காதீர்கள். ஒரு ஹீப் டம்ப் (நினைவகத்தில் உள்ள ஆப்ஜெக்ட்களின் நகல்) எடுத்து, ஜிசி ரூட்டிலிருந்து (குப்பை அள்ளும்போது உயிரோடிருப்பதாகக் கொள்ளும் தொடக்கப் புள்ளி) பழைய லோடர் வரை போகும் பாதையைக் காட்டுங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் த்ரெட்டின் பெயர் அங்கேயே இருக்கும்.