அத்திவாரம் வெட்டுமுன் பங்கர் எங்கே இருந்தது என்று கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட ஒரு பழைய வளவுக்குள் போனதும் நான் கேட்கிற முதல் கேள்வி, "பங்கர் எந்தப் பக்கம் இருந்தது?" சண்டைக் காலத்தில் வெட்டிய பதுங்குகுழியைத்தான் கேட்கிறேன். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்றால் முழிப்பார்கள். பின்னால் நிற்கிற அம்மம்மா கையை நீட்டிக் காட்டுவா: "குசினிக்குப் பின்னாலதான் தம்பி."

பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு, குண்டு போடுகிற சியாமாசெட்டி விமானம் சுற்றும் சத்தம் கேட்டதும் ஓடி இறங்க வேண்டும். அதனால் வாசலுக்குக் கிட்டவே வெட்டினார்கள். சிதறல் நேராக உள்ளே பாயாமல் இருக்க 'ட' வடிவம். மேலே பனங்குற்றி அல்லது ரயில் ஓடாமல் போன பாதையில் கழற்றிய சிலிப்பர் கட்டை, அதற்கும் மேலே மண்மூட்டை. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்ட இடங்களில் பாதி கிடங்கு, பாதி மேடு. மாரியில் தண்ணீர் நிற்கும், பாம்பும் வரும்.

இன்று வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்கள் நீட்டுவதும் அதே குசினிப் பக்கம்தான். சிக்கல் அங்கே தொடங்குகிறது. கிடங்கை மூடியவர்கள் யாரும் இடித்து இறுக்கி மூடவில்லை. உடைந்த ஓடு, தேங்காய் மட்டை, உரப்பை எல்லாம் உள்ளே போனது. சிலர் குற்றிகளைக்கூட எடுக்காமல் மேலே மண்ணைத் தள்ளிவிட்டார்கள். குற்றி உக்கிப் போனால் அந்த இடம் வெறும் பொந்து.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைக் கேட்காமல் ஒரு குசினி கட்டினேன். இரண்டாவது மாரியில் ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடியது. தோண்டிப் பார்த்தால், நாலடிக்குக் கீழே கை வைத்ததும் உதிர்கிற தென்னங்குற்றி. பிழை என்னுடையதுதான்.

இடத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் இளகிய மண் முழுவதையும் எடுத்து, அரையடி அரையடியாக நல்ல மண் போட்டு, நனைத்து இடித்து ஏற்ற வேண்டும். அல்லது இரு பக்கமும் உறுதியான தரையில் ஊன்றுகிற கம்பி கட்டிய கொங்கிறீட் வளையை (பீம்) குறுக்கே போடலாம். கிடங்கு தயாராக இருக்கிறதே என்று மலசலகூடக் குழியாக்குவதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை. நம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வழியே அது கிணற்றுக்குப் போய்விடும்.

அப்புறம் ஒன்று. மூடும்போது வளவில் கிடந்ததெல்லாம் கிடங்குக்குள் போயிருக்கும். மண்வெட்டியில் இனந்தெரியாத இரும்பு தட்டினால், அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தூக்கிப் பார்க்க வேண்டாம், பழைய இரும்புக்காரருக்கு என்று ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள்.

இப்போது நான் கீறுகிற படங்களில் கிணற்றோடு பங்கரையும் புள்ளிக்கோட்டில் குறித்துவிடுகிறேன். அண்மையில் ஒரு வளவில் மூன்று குறிக்க வேண்டி வந்தது: குசினிக்குப் பின்னால் ஒன்று, மாமரத்தடியில் ஒன்று, ஆமி இருந்தபோது வெட்டியது ஒன்று.