ரூஃப் போடுவதற்கு முந்தைய நாள்: வீட்டுக் கட்டுமானத் தரம் பார்க்கத் தனி இன்ஜினியர்

சொந்த மனையில் காண்ட்ராக்ட் விட்டு வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் விரிசல் விழுந்த பிறகுதான் வெளியிலிருந்து ஓர் இன்ஜினியரைத் தேடுகிறார்கள். அப்போது வருகிறவர் கண்ணுக்குப் படுவது பூச்சும் பெயின்ட்டும்தான். கம்பி எந்த ஆழத்தில் கிடக்கிறது, கலவையில் எவ்வளவு தண்ணீர் போனது என்பதெல்லாம் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. ரீபவுண்ட் ஹேமரால் (மோதித் திரும்பும் அளவை வைத்து வலிமையைக் கணிக்கும் சுத்தியல்) தட்டிப் பார்க்கலாம்; ஆனால் அது காட்டும் வலிமையில் 25 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய) விதியே சொல்கிறது. கோர் (உருளைத் துண்டு) எடுத்தால் துல்லியமாகத் தெரியும், அதற்குக் கட்டிய வீட்டைத் துளைக்க வேண்டும்.

"அப்ரூவல் வாங்கியாச்சு, பேங்க் இன்ஜினியரும் வந்து பார்த்துட்டுப் போறாரு, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பேங்க் இன்ஜினியர் வருவது எத்தனை சதவீத வேலை முடிந்தது, அடுத்த தவணையை விடலாமா என்று பார்க்க. பிளான் அனுமதி பார்ப்பது பக்க இடைவெளி, பரப்பு, உயரம். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. கம்பியை எண்ண யாரும் வரப்போவதில்லை. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் உள்ள 5 ஆண்டு கட்டுமானக் குறைபாட்டுப் பொறுப்பும் விற்பனைக்குக் கட்டும் புரமோட்டருக்குத்தான். உங்கள் மனையில் கட்டித்தரும் காண்ட்ராக்டரை அது பிடிக்காது.

தினமும் சைட்டில் ஆள் நிற்க வேண்டியதில்லை. பிறகு மூடப்போகும் வேலைகளை மூடுவதற்கு முன் பார்த்தால் போதும்: ஃபுட்டிங் (அஸ்திவாரம்) குழியும் கம்பியும், பிளிந்த் பீம் (தரைமட்ட உத்தரம்), ஒவ்வொரு தளத்தின் காலம் (தூண்) கம்பி, ரூஃப் கம்பி, ரூஃப் கான்கிரீட் ஊற்றும் நாள், பூச்சுக்கு முன் பைப் லைன், டாய்லெட் சங்கனில் (தாழ்த்திய தளம்) 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது. இதில் ஒன்றிரண்டுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் ரூஃபுக்கே அழையுங்கள்.

ரூஃபுக்கு முந்தைய நாள் வருகிறவர் கையில் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இருக்க வேண்டும். அது இல்லாமல் "கம்பி நல்லா நெருக்கமா இருக்கு" என்று சொல்லிப் போவது ஆய்வு இல்லை. முதலில் கம்பியின் எடை. 12 எம்எம் கம்பி ஒரு மீட்டர் 888 கிராம், 8 எம்எம் 395 கிராம். ஒரு மீட்டர் துண்டை வெட்டித் தராசில் வைத்தால், 12 எம்எம்மில் 6 சதவீதம், 8 எம்எம்மில் 8 சதவீதம் வரை குறையலாம். அதற்கும் கீழே போனால் அந்த லோடு திரும்ப வேண்டியதுதான். அடுத்து கவர் பிளாக் (கம்பிக்கு வெளியே கான்கிரீட் நிறைய இடைவெளி காக்கும் சிறு கட்டி): ஃபுட்டிங்கில் 50 எம்எம், காலத்தில் 40, ரூஃபில் 20. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிச் சில்லைச் செருகியிருந்தால், வைப்ரேட்டர் ஓடும்போது அது நழுவி, கம்பி சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) பலகையில் உட்கார்ந்துவிடும். சில வருடங்களில் சீலிங்கில் துருக்கோடு தெரிவது இப்படித்தான். காலமும் பீமும் சேரும் இடத்தில் காலத்தின் ரிங்குகளைக் கம்பி வேலைக்காரர்கள் அடிக்கடி விட்டுவிடுவார்கள், உள்ளே கை நுழைவது கஷ்டம் என்பதால். வீட்டில் அதிக விசை தாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

பால்கனியையும் சன்ஷேடையும் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே முக்கியக் கம்பி மேலே இருக்கும். 5 அங்குல ஸ்லாபில் மேல் கம்பி அடிமட்டத்திலிருந்து 100 எம்எம் உயரத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் அதன் மேல் நடந்து 40 எம்எம் கீழே அமுக்கிவிட்டால், தாங்கும் திறனில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். டிராயிங்கில் தப்பில்லை, கம்பியும் குறையவில்லை. சேர் கம்பி (மேல் கம்பியைத் தாங்கி நிறுத்தும் வளைத்த கம்பி) போதுமான அளவு வைக்காததும் நடக்கப் பலகை போடாததும்தான் காரணம்.

மறுநாள் மில்லர் (கலவை இயந்திரம்) ஓடும்போது கவனம் முழுக்கத் தண்ணீர் மேல் இருக்கட்டும். எம்20 தரக் கான்கிரீட் கலவைக்குத் தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.55-ஐத் தாண்டக் கூடாது; 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர். ஈர எம்சாண்டில் இருக்கும் தண்ணீரும் இதற்குள் அடக்கம். சைட்டில் நடப்பது என்ன? 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் இரண்டு முறை ஊற்றுவார்கள், 40 லிட்டர். விகிதம் 0.8-க்குப் போய்விட்டது. கலவை சுலபமாக ஓடும், வேலை சீக்கிரம் முடியும், காய்ந்த பிறகு மேற்பரப்பில் மாவு போல உதிரும். மேஸ்திரி "முப்பது வருஷமா இப்படித்தான் போடுறோம்" என்பார். பக்கெட்டில் அளவுக்கோடு போட்டுக் கொடுத்தால் வாக்குவாதமே வேண்டாம்.

வலிமையைச் சோதிக்கக் கான்கிரீட் கியூப் (கனசதுரக் கட்டி) எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. 1,000 சதுர அடி ரூஃபும் பீமும் சேர்ந்து சுமார் 15 கன மீட்டர். கான்கிரீட் விதியான ஐஎஸ் 456 படி இரண்டு சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 15 செ.மீ. கியூப் மூன்று, 28-வது நாள் உடைக்க. 7-வது நாளே ஒரு கணிப்பு வேண்டுமென்றால் கூடுதலாக மூன்று. முதல் கலவையில் எடுக்கவே கூடாது. கியூபுக்கென்றே சிமென்ட் கூட்டிப் போட்ட கலவையாக அது இருக்கலாம். பாதி வேலையில், முன்னறிவிப்பின்றி எடுத்து, அன்றே தேதியும் இடமும் எழுதிவிட வேண்டும்.

கியூரிங் (நனைத்து வைப்பது) ஓபிசி எனும் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசிக்கு 10. ரூஃபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். காலத்துக்குச் சாக்குச் சுற்றி நனைப்பதைத்தான் மறப்பார்கள். 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு முட்டுகளை 7 நாளும், 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாளும் எடுக்கக் கூடாது. பிபிசி என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது டிகிரியைவிட முதலில் பார்க்க வேண்டியது, அவருக்கு யார் காசு தருகிறார்கள் என்பது. காண்ட்ராக்டர் சிபாரிசு செய்தவர் வேண்டாம். கம்பிக் கடையில் கமிஷன் வாங்குபவரும், "இவரை மாத்துங்க, நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்பவரும் வேண்டாம். கட்டணத்தை விசிட் கணக்கில் பேசுங்கள். ஒவ்வொரு விசிட்டுக்கும் படத்தோடு எழுத்தில் அறிக்கை. முக்கியமாக, அவர் வேலையாட்களிடம் நேரடியாக எதையும் மாற்றச் சொல்லக் கூடாது. சொன்னால், நாளை குறை வரும்போது "உங்க இன்ஜினியர் சொன்னார், செஞ்சோம்" என்று பொறுப்பு கைமாறிவிடும். அவர் உங்களுக்கு எழுத வேண்டும், நீங்கள் காண்ட்ராக்டருக்கு அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் அக்ரிமென்ட் போடும்போதே எழுதிக்கொள்ளுங்கள்: கான்கிரீட்டுக்கு 48 மணி நேரம் முன் தகவல், ஆய்வில் கையெழுத்தாகாமல் ஊற்றக் கூடாது, குறை சரியான பிறகே அந்தக் கட்டத் தவணை. இன்னொரு வரியும் சேருங்கள்: சென்ட்ரிங் பிரித்ததும் காலத்திலோ பீமிலோ ஹனிகோம்ப் (தேன்கூடு போன்ற பொந்துகள்) தெரிந்தால், ஆய்வாளர் பார்க்கும்வரை அதன் மேல் யாரும் சிமென்ட் பூசக் கூடாது. பிரித்த அன்று மாலைக்குள் பூசிவிடுவதுதான் வழக்கம்.