நீங்கதானே செல்லம்மா?

மட்டக்களப்பு மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் என் மாமி நான்கு நாள் இருந்தார். இரண்டாம் நாள் விடியப்புறம் இரத்தம் எடுக்க வந்த தாதி மிஸ், பேர் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்கதானே செல்லம்மா?" மாமி "ஓம் மகள்" என்று கையை நீட்டினார். ரப்பர் பட்டி கட்டியாயிற்று, பஞ்சு தடவியாயிற்று. ஊசி தோலில் படப்போகும் நேரம் அடுத்த கட்டிலில் இருந்து ஒரு குரல்: "மிஸ், செல்லம்மா நான். அவ நல்லம்மா."

பிறகு மாமியிடம் கேட்டேன், ஏன் ஓம் என்று சொன்னீர்கள் என்று. "அந்தப் பிள்ளை அவ்வளவு மரியாதையாக் கேக்குது. என்னெண்டு இல்லை எண்டு சொல்ற?"

மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். நல்லம்மாவும் செல்லம்மாவும் அவருக்கு ஒன்றாகவே கேட்டிருக்கும். ஆனால் காது நன்றாக இருந்திருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் இருந்து வரும் வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் யார் என்ன கேட்டாலும் ஓம்தான். இதற்கு மறதியோ படிப்போ காரணமில்லை, கேள்விதான் காரணம். "நீங்கதானே செல்லம்மா?" என்னும் கேள்வி விடையையும் தன் வயிற்றுக்குள்ளேயே கொண்டு வருகிறது. கேட்பவருக்கு வேண்டியது ஒரு தலையாட்டல், அதைக் கொடுப்பது மரியாதை. "உங்கட பேர் என்ன?" என்று கேட்டால் நோயாளி தன் நினைவில் இருந்து பெயரை எடுத்துச் சொல்லியே ஆகவேண்டும். தலையாட்டித் தப்ப வழியில்லை. நோயாளியை அடையாளம் காண இரண்டு விவரம் கேள், பெயரை அவர் வாயாலேயே சொல்ல வை என்று உலகெங்கும் தாதியருக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். சதமும் செலவில்லாத பாதுகாப்புக் கருவி.

இந்தக் கதையை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கணினித் துறையில் வேலை. உடனே சொன்னார்: "கையில ஒரு பார்கோட் பட்டி கட்டிவிட்டா முடிஞ்சுது பிரச்சினை."

முடியுமா? அமெரிக்காவில் ரோஸ் கோப்பல் என்ற சமூகவியலாளரும் கூட்டாளிகளும் ஐந்து ஆஸ்பத்திரிகளில் இந்த முறை நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பார்த்து 2008இல் எழுதினார்கள். நோயாளியின் கைப்பட்டியையும் மருந்தையும் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தாதியர் கண்டுபிடித்திருந்த குறுக்குவழிகள் 15 வகை, அவற்றுக்கான காரணங்கள் 31. கைப்பட்டிகளின் நகலை அச்சடித்துத் தள்ளுவண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டி வைத்திருந்தார்கள். இடுப்பு வளையத்தில் சாவிக்கொத்துப் போல மாட்டியவர்களும் உண்டு. கட்டிலுக்குப் போகாமலே ஸ்கேன் பண்ணினால் கணினி "சரி" என்கிறது.

சோம்பேறிகள் என்று சொல்லத் தோன்றும். அந்த 31 காரணங்களை வாசித்தால் தோன்றாது. பட்டி நனைந்து கசங்கி வாசிக்க முடியவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. வயர்லெஸ் அந்த மூலைக்கு எட்டவில்லை. மருந்துப் பொதியில் கோடே இல்லை. வண்டி உள்ளே போகாத அறை. ஒரு ஆளுக்குப் பல நோயாளிகள் இருக்கும்போது ஒவ்வொரு கோளாறுக்கும் ஐந்து நிமிடம் நின்றால் எட்டு மணி மருந்து நேரம் தப்பித்தான் போகும். வேலையை முடிக்கத்தான் அவர்கள் கருவியை ஏமாற்றினார்கள்.

இதைவிடக் கசப்பான கதை பிற்ஸ்பேர்க் சிறுவர் ஆஸ்பத்திரியுடையது. 2002 ஒக்டோபரில் அங்கே வைத்தியர்கள் மருந்தைக் கையால் எழுதுவதை விட்டுக் கணினியில் பதியத் தொடங்கினார்கள். கிறுக்கல் கையெழுத்தால் வரும் பிழை ஒழியும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆறே நாளில் ஆஸ்பத்திரி முழுக்க மாற்றிவிட்டார்கள். வேறு ஆஸ்பத்திரிகளில் இருந்து அவசரமாக மாற்றப்பட்டு வந்த பிள்ளைகளிடையே இறப்பு வீதம் 2.80இல் இருந்து 6.57 சதவீதமாக ஏறியதாக அந்த ஆஸ்பத்திரி வைத்தியர்களே 2005இல் எழுதினார்கள்.

மென்பொருள் பிழையான மருந்து எதையும் எழுதவில்லை. நடந்தது வேறு. முன்பெல்லாம் அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசியில் விவரம் கேட்டு மருந்தைத் தயார்ப்படுத்தி வைப்பார்கள். புதிய முறையில் பிள்ளை வந்து பதிவாகும்வரை எந்த மருந்துக் கட்டளையும் போட முடியாது. சில விநாடியில் எழுதிய ஒரு வரி, பத்துச் சொடுக்குகளாக, ஒன்றிரண்டு நிமிடமாக நீண்டது. மருந்துகள் வாட்டில் இருந்து மத்திய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டன. கட்டிலைச் சுற்றி நின்ற வைத்தியரும் தாதியரும் திரைக்கு முன்னால் போனார்கள். மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைக்கு அந்த நிமிடங்கள்தான் எல்லாம்.

சியாற்றிலில் உள்ள இன்னொரு சிறுவர் ஆஸ்பத்திரியும் அதே நிறுவனத்தின் கணினி முறையைக் கொண்டுவந்தது. அங்கே இறப்பு ஏறவில்லை. பிற்ஸ்பேர்க்கில் என்ன நடந்தது என்று கேட்டறிந்து, அவசர நோயாளிக்கு வழமையாகத் தேவைப்படும் கட்டளைத் தொகுப்புகளை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். கருவி ஒன்று, விளைவு இரண்டு. என் கணினி நண்பருக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருப்பது அபூர்வம்.

ஒரு தவறு நோயாளி வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை ஜேம்ஸ் ரீசன் என்ற பிரித்தானிய உளவியலாளர் சீஸ் துண்டுகளை வைத்து விளக்கினார், சுவிற்சர்லாந்தில் செய்யும் ஓட்டை விழுந்த சீஸ். நமக்கு அதைவிட இடியப்பத் தட்டு பொருந்தும். ஐந்து தட்டுகளை அடுக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஒன்றின் ஓட்டையை மற்றதன் பின்னல் மறைக்கும். கொஞ்சம் அசைத்தால் எங்கோ ஓரிடத்தில் ஐந்து ஓட்டையும் நேராகி வெளிச்சம் பாயும். பெயர் ஒத்த இருவர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், விடியற்கால மங்கல், இரவு டியூட்டியின் கடைசி மணித்தியாலம், விடையோடு வந்த கேள்வி, காது மந்தம். மாமியின் விஷயத்தில் நேராகி நின்ற ஓட்டைகள் இவை. கடைசித் தட்டாக நின்று மறைத்தவர் அடுத்த கட்டில் செல்லம்மா. எந்த ஆஸ்பத்திரியின் பாதுகாப்புப் பட்டியலிலும் அவர் இல்லை.

ரீசன் சொன்ன இன்னொன்று முக்கியம். அறியாமல் செய்யும் பிழை வேறு, கை தவறுவது வேறு. கை தவறுவது பழகியவர்களுக்குத்தான். ஆயிரம் தரம் செய்த வேலையைக் கை தானே செய்துவிடும், மனம் அடுத்த வேலைக்குப் போயிருக்கும். இருபது வருடம் தேங்காய் துருவியவருக்குத்தான் கையில் வெட்டு விழும். இப்படிப்பட்ட தவறுக்கு விளக்கம் கோரிக் கடிதம் அனுப்புவதால் பயனே இல்லை, அவர் வேண்டுமென்று செய்யவில்லையே. ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும். செறிவான பொட்டாசியம் குளோரைட் குப்பி, ஊசிக்குக் கலக்கும் தண்ணீர்க் குப்பியைப் போலவே இருப்பதுண்டு. மாறிப் போட்டால் இதயம் நின்றுவிடும். பல நாடுகள் இதற்குக் கண்ட தீர்வு, கவனமாக இரு என்று சுவரில் எழுதுவதல்ல. அந்தக் குப்பியைச் சாதாரண வாட்டு அலுமாரியில் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கை தவற என்ன காரணம்? ஒரு காரணம் நாம்தான். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் தாதியை இடைமறிப்பது. சிட்னியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 98 தாதியரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி, ஒவ்வொரு இடைமறிப்புக்கும் மருந்து சார்ந்த தவறு ஏறக்குறைய 12 முதல் 13 சதவீதம் கூடியது. பார்வையாளர் நேரத்தில் நம் வாட்டுகளை நினைத்துப் பாருங்கள். மருந்து வண்டியைச் சுற்றி நாலு பேர். "மிஸ், எங்கட வாப்பாட ரிப்போட் வந்திட்டா?" "மிஸ், சேலைன் முடியப்போகுது." "மிஸ், டொக்டர் எப்ப வருவார்?" நானும் கேட்டிருக்கிறேன். மனம் ஒரு எண்ணிக்கையைப் பிடித்து வைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. நம் கேள்வி உள்ளே வந்தால் அந்த எண் வெளியே போய்விடும். திரும்பி வரும்போது விட்ட இடத்துக்கு ஒரு படி முன்னால் இருந்து தொடங்குகிறோமா பின்னால் இருந்தா என்று அவருக்கே தெரியாது.

கருவிகளே இடைமறிப்பதும் உண்டு. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் எச்சரிக்கை மணிகளில் 72 முதல் 99 சதவீதம் வரை பொய் மணி என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயர் கழன்றால் அடிக்கும், நோயாளி புரண்டு படுத்தால் அடிக்கும். பீத்தோவன் மெட்டை அடித்தபடி பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ நம் தெருவுக்குப் புதிதாக வந்தபோது அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஓடிப்போனார்கள். இப்போது பீத்தோவன் வாசலில் நின்று அடித்தாலும் யாருக்கும் கேட்பதில்லை. மூளை பயனற்ற ஒலியை வடிகட்டிவிடுகிறது, அது அதன் வேலை. வடிகட்டியதற்குள் அந்த ஒரு உண்மையான மணியும் போய்விடுவதுதான் கேடு.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதரை அறிந்து செய்த கருவிகள் பல உயிரைக் காத்திருக்கின்றன. மயக்க மருந்து இயந்திரத்தில் ஒட்சிசன் குழாயும் நைட்ரஸ் ஒக்சைட் குழாயும் மாறிப் பொருந்தாத வடிவில் செய்யப்பட்டிருக்கின்றன. எவ்வளவு களைத்தவராலும் மாற்றிப் போட முடியாது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி கொடுக்கும் சத்தம், இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறையக் கீழ்ச் சுருதிக்கு இறங்கும். மயக்க வைத்தியர் நோயாளியைப் பார்த்தபடியே காதால் அறிந்துகொள்வார். கண் ஓரிடத்தில் இருக்கும், காது சும்மா இருக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சத்திரசிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. ஒரே தாளில் 19 விடயங்கள். எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5இல் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. புதுடில்லியும் அதில் ஒன்று. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கிய பிறகு 101 ஆஸ்பத்திரிகளைப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2014இல் எழுதினார்கள். ஏன் என்று இன்னும் வாதிடுகிறார்கள். என் ஊகம் இது: அந்தத் தாளின் உயிர், கத்தி வைக்குமுன் அறையில் உள்ள எல்லோரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்வதில் இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவர் மறுமுறையும் திறப்பார். மேலிடத்துக்காகப் புள்ளடி மட்டும் போட்டால் தாள்தான் நிரம்பும்.

மிச்சிகன் மாநிலத்தில் பீற்றர் புரொனோவொஸ்ட் என்ற வைத்தியர் நடத்திய முயற்சி இதைத் தெளிவாகக் காட்டியது. பெரிய நாளத்தில் குழாய் போடும்போது செய்யவேண்டியவை ஐந்தே, முதலாவது கை கழுவுதல். ஒரு படியை வைத்தியர் தவறவிட்டால் தாதி நிறுத்தலாம் என்ற அதிகாரத்தையும் கூடவே கொடுத்தார்கள். 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளி குழாயோடு இருக்கும் ஒரு நாள், ஒரு குழாய் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூச்சியமாகி, 18 மாதம் கழித்தும் அப்படியே நின்றது. எந்த வைத்தியருக்குத்தான் கை கழுவ வேண்டும் என்று முன்பு தெரியாது? "சேர், கை கழுவ மறந்திட்டீங்க" என்று சொல்ல முடியாமல் இருந்ததுதான் அங்கே இருந்த ஓட்டை. நம் வாட்டுகளில் இந்த வாக்கியத்தைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

அம்பாறைப் பக்கம் இதோடு மொழியும் சேரும். சிங்களம் பேசும் வைத்தியர், தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி, ஆங்கிலத்தில் எழுதிய மருந்து, இடையில் கிடைத்தவர் மொழிபெயர்ப்பாளர். ஒரு நாள் மிஸ், ஒரு நாள் அட்டென்டன்ட், ஒரு நாள் அடுத்த கட்டில்காரரின் மகன். அவர் எவ்வளவு விளங்கிக்கொண்டார் என்று யாரும் சோதிப்பதில்லை. "விளங்கிச்சா?" என்று கேட்டால் மறுபடியும் அந்த ஓம்தான் வரும். "வீட்ட போய் இந்தக் குளிசைய எப்பிடிப் போடுவீங்க, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

ஆளைக் குறை சொல்லாமல் ஓட்டையைத் தேடும் இந்த வழி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1940களின் நடுவில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 1,500க்கு மேல் தாய்மார் இறந்த இலங்கையில் இன்று அந்த எண் 30ஐ ஒட்டி நிற்கிறது. பெரிய இயந்திரங்கள் வருமுன்பே சைக்கிளில் வீடு வீடாகப் போன மருத்துவிச்சிகளின் காலத்தில் அது பெரிதும் இறங்கிவிட்டது. 1980களில் இருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக ஆராய்கிறார்கள். வீட்டில் தாமதமா, வழியில் தாமதமா, ஆஸ்பத்திரியில் தாமதமா என்று கேட்கிறார்கள். வழியில் தாமதம் என்றால் என்ன என்று படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை நோவு எடுத்த பெண்ணும் பாதை எனும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். அதற்கு மருந்து ஆஸ்பத்திரிக்குள் இல்லை.

நாலாம் நாள் காலை மாத்திரையோடு வேறொரு மிஸ் வந்தார். வயதில் இளையவர்.

"அம்மா, உங்கட பேர் என்ன?"

"நல்லம்மா."

"புருசன்ட பேர்?"

மாமி சிரித்தார். "அந்தப் பேரை நான் சொல்றதில்ல மகள்."

"சரி, பிறந்த திகதி?"

"திகதி எங்க தெரியும். சூறாவளி அடிக்கக்குள்ள மூத்தவன் தவழுற வயசு."

1978. மிஸ் அப்போது பிறந்தே இருக்கமாட்டார். நோயாளி விவரம் எழுதிய டிக்கட்டை ஒருமுறை புரட்டி, மாமியை ஒருமுறை பார்த்து, மாத்திரையைக் கொடுக்காமல் நின்றார். அடுத்த கட்டிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த செல்லம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கணபதிப்பிள்ளை, மிஸ். அவட புருசன்ட பேர் கணபதிப்பிள்ளை."