பேட்டரிக்கு ஆசிட் ஊற்றாதீர்கள்

இன்வெர்ட்டர் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை என்று கடைக்கு வருபவர்களில் பலர், "ஆசிட் வீக்காயிட்டு அண்ணே, கொஞ்சம் ஊத்தித் தாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வீக்கானது சரிதான். ஆனால் அந்த ஆசிட் எங்கேயும் போகவில்லை, பிளேட்டில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். ஒவ்வொன்றிலும் சாக்லேட் நிறப் பிளஸ் பிளேட், அது காரீய டை ஆக்சைடு. மைனஸில் பஞ்சு மாதிரியான சாம்பல் நிறக் காரீயம். இரண்டும் மூழ்கியிருப்பது நீர்த்த சல்ஃபியூரிக் ஆசிட்டில். ஃபேனைப் போட்டதும் மைனஸ் பிளேட்டிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, வயர் வழியாக இன்வெர்ட்டருக்குள் போய் வேலையை முடித்துவிட்டு, பிளஸ் பிளேட்டுக்கு வந்து சேர்கின்றன. ஆசிட்டுக்குள் எலக்ட்ரான் ஓடுவதில்லை, அங்கே நகர்வது மின்னூட்டம் உள்ள துகள்களான அயனிகள். இப்படி ஓட ஓட இரண்டு பிளேட்டுமே ஆசிட்டின் சல்ஃபேட்டைப் பிடித்துக் காரீய சல்ஃபேட்டாக மாறும், தண்ணீரும் உண்டாகும். அதனால்தான் முழுச் சார்ஜில் 1.24, 1.25 காட்டிய ஹைட்ரோமீட்டர் (ஆசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று காட்டும் கருவி) 1.15-க்கும் கீழே இறங்குகிறது. சார்ஜ் ஏறினால் சல்ஃபேட் பிளேட்டை விட்டுத் திரும்பவும் ஆசிட்டாகிவிடும். இடையில் நீங்கள் வேறு ஆசிட் ஊற்றியிருந்தால் அளவு மீறி, பிளேட் அரிக்க ஆரம்பிக்கும்.

உண்மையில் குறைவது தண்ணீர் மட்டும்தான். சார்ஜ் முடியும் நேரத்தில் அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போய்விடுகிறது. அதை நிரப்ப டிஸ்டில்டு வாட்டர் போதும், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்த் தண்ணீரில் உப்பு இருந்தால் அதிலுள்ள குளோரைடு பிளேட்டைத் தின்னும். இரும்பு கலந்த தண்ணீர் இன்னும் மோசம்: இரும்பு அயனி மைனஸ் பிளேட்டில் எலக்ட்ரானை வாங்கிப் பிளஸ் பிளேட்டில் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வரும், எந்த ஸ்விட்சும் போடாமலே சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, தீர்ந்த பேட்டரியை அப்படியே போட்டு வைப்பது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் பிளேட்டில் படிந்த சல்ஃபேட் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எந்தச் சார்ஜருக்கும் லேசில் மசியாது. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் கேட்டுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மூடியைத் திறந்து பார்க்க மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம், மொபைல் டார்ச் போதும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், வெடித்தால் ஆசிட் நேரே முகத்தில்தான் தெறிக்கும்.