“வீட்டை மீட்டுடணுமுங்க”

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர், அஸ்தம்பட்டி கோர்ட்டு வளாகத்தில் என்னைத் தேடி வந்தார். மகன் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்து இரண்டு வருடமாம். இப்போது சோற்றுக்கே பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. “எப்பிடியாவது வீட்டை மீட்டுடணுமுங்க வக்கீலய்யா” என்றார், அடகுக் கடையில் வைத்த சங்கிலியைச் சொல்வதுபோல.

மீட்பது என்றால் பொருள் இன்னும் நம்முடையது, இருப்பது மட்டும் வேறொருவர் கையில் என்று அர்த்தம். அடமானம் அப்படித்தான். அடமானம் வைத்த அசையாச் சொத்தை மீட்க வழக்குப் போட, காலவரையறைச் சட்டம் 30 வருடம் தருகிறது. பெரியவர் எழுதியதோ தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைச் சும்மா கொடுத்துவிடும் பத்திரம். “இதை எக்காலத்தும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை” என்ற வரியை வாசித்துக் காட்டினேன். பத்திரம் எழுதுபவர்கள் பழக்கத்தில் போட்டுவிடும் வரி அது.

“உயிலுன்னுதானுங்க நெனச்சேன்.”

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உயிலைச் சாகும்வரை மாற்றலாம்; பதிவான உயிலைக்கூட, முறையாகச் சாட்சி வைத்து எழுதிய பதிவில்லாத பிந்தைய உயில் தள்ளிவிடும். செட்டில்மெண்டில் சொத்து அப்போதே கைமாறிவிடுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாளாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வே 2022-ல் அதைச் சொல்லிவிட்டது. தரகர்கள் மட்டும் இன்னும் ‘முடிச்சுத் தர்றேன்’ என்று பணம் வாங்குகிறார்கள்.

ஒரு வாசல் திறந்திருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ‘அன்பு பாசத்தின் பேரில்’ என்ற சொற்களிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று உயர்நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது உண்மை. அதை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடச் சொல்லமாட்டேன். ‘என் ஆயுள்வரை என்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து செய்ய எனக்கு உரிமையுண்டு’ என்று பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள்.

பெரியவரின் பத்திரத்தில் ‘அன்பு பாசம்’ இருந்தது. மனு எழுதலாம் என்றேன். நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், “மனுவுல பையனைத் திட்டி எழுதாதீங்க” என்றார்.